கேடியின் பேரன்

சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இராயபுரத்திலிருந்து ஒரு வாலிபன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். துறைமுகத்தில் கண்டெயினர் லாரிகளுக்குக் கணக்கு எழுதுகிற வேலை. கையில் ஒரு பை. பை நிறைய மீன். "காசிமேட்டிலே காலையிலே ஏலத்திலே எடுத்தது, ஸார்" என்று கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான். மீனை வாங்கி உள்ளே கொடுத்த பிறகு ஒருவனுக்கு உதவி செய்யமாட்டேன் என்று சொல்வது கஷ்டம். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

விஷயம் இதுதான். தங்கைக்கு எண்ணூரில் ஒரு வரன் பார்த்திருந்தார்கள். எல்லாம் பேசி முடிந்து, பூ வைக்க நாளும் குறித்தாயிற்று. அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "அந்த வீட்டிலே ஒருத்தன் கேடியாச்சே!" என்றாராம். அவ்வளவுதான், பேச்சு நின்று போயிற்று.

"எங்க தாத்தா ஜெயிலுக்குப் போனது நெசம் ஸார். ஆயாவே ஒத்துக்கிட்டாங்க. எதுக்குப் போனாருன்னு மட்டும் சாகிற வரைக்கும் சொல்லலே. நீங்க பழைய ரிகார்டெல்லாம் பார்க்கிறவரு. எங்கே போய்ப் பார்க்கணும்னு சொல்லுங்க."

திருவொற்றியூர்க் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்தில் என்ன திருப்பணி நடந்தது என்று கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். ஆயிரம் வருஷத்து ராஜாவின் சங்கதி கல்லில் இருக்கிறது. எழுபது வருஷத்துக்கு முன் அதே கடற்கரையில் மூட்டை தூக்கியவனின் சங்கதி காகிதத்திலல்லவா இருந்திருக்கும்!

முதலில் அந்த வார்த்தையைப் பார்ப்போம். 'கேடி' என்பதைக் 'கேடு' என்ற தமிழ்ச் சொல்லின் பிள்ளை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. வெள்ளைக்காரர் காலத்துப் போலீஸ் பதிவேட்டில் 'நோன் டிப்ரடேட்டர்' என்று சிலரைப் பற்றி எழுதி வந்தார்கள். கொள்ளையடிப்பவன் என்று தெரிந்தவன் என்பது அர்த்தம். அதன் இரண்டு முதலெழுத்துக்களும் சேர்ந்து தமிழ்நாட்டுத் தெருவில் 'கேடி' ஆயின. 'தெரிந்தவன்' என்பதைக் கவனியுங்கள். யாருக்குத் தெரிந்தவன்? போலீஸுக்கு. நிரூபிக்கப்பட்டவன் என்று அங்கே எழுதவில்லை.

இதில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதற்கு உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங்கின் கதையைச் சொல்லலாம். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் அவரைப் பிடித்தார்கள். சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் பெயரில் ஒரு 'ஹிஸ்டரி ஷீட்' திறந்தார்கள். அதன் பலனாக நடு ராத்திரியில் கதவைத் தட்டிக் கூப்பிடுவதும், ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போகச் சொல்வதுமாக இருந்தது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ராத்திரியில் வீட்டுக்குள் போவது செல்லாது என்று 1962 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. ஷீட்டும் மற்றக் கண்காணிப்பும் அப்படியே நின்றன. கோர்ட்டுக் காகிதத்தில் குற்றமற்றவர். ஸ்டேஷன் காகிதத்தில் கேடி. ஒரே மனிதர்தான்!

ஆகவே, ஒரு பேட்டையின் குற்ற சரித்திரத்தைத் தேடுகிறவன் எந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் முன்னால், எந்த வாசலுக்குப் போவது என்று தெரிய வேண்டும்.

வட சென்னையில் இது லேசான காரியமல்ல. இராயபுரம் பழைய நாளிலிருந்தே பட்டணத்துக்குள் அடக்கம். அங்கே 1888-ஆம் வருஷத்து நகரப் போலீஸ் சட்டம்; கமிஷனரின் ஆட்சி. இரண்டு மூன்று மைல் வடக்கே போனால் திருவொற்றியூர்; அதற்கும் அப்பால் எண்ணூர். நமக்கு எல்லாம் ஒரே கடற்கரை. சர்க்காருக்கு அப்படியில்லை. அவை செங்கற்பட்டு ஜில்லா. அங்கே 1859-ஆம் வருஷத்து ஜில்லாப் போலீஸ் சட்டம். 1997-ல் திருவள்ளூர் ஜில்லா பிறந்ததும் அந்தப் பக்கம் போயின. 2011-ல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-ல் சென்னை ஜில்லாவோடும் சேர்ந்துவிட்டது. ஆகவே 1955-ஆம் வருஷத்துத் திருவொற்றியூர் அடிதடியைப் பட்டணத்துக் காகிதங்களில் தேடுகிறவன் வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருக்கலாம். அது செங்கற்பட்டுக் கட்டுகளில் தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தபடியாக வேண்டியவை மூன்று: ஸ்டேஷனின் பெயர், வருஷம், குற்ற எண். ஒரு ஸ்டேஷனில் வருஷப் பிறப்பிலிருந்து வழக்குகளுக்கு வரிசையாக நம்பர் போட்டுக்கொண்டு வருவார்கள். முதல் தகவல் அறிக்கையின் தலையில் அந்த நம்பர்தான் இருக்கும். அதன் பிரதி ஒன்று மாஜிஸ்ட்ரேட்டுக்கும் போகும். அங்கே வழக்குக்கு வேறு ஒரு நம்பர். கொலை போன்ற பெரிய வழக்கானால் செஷன்ஸ் கோர்ட்டில் இன்னொரு நம்பர். அப்பீலுக்கு மறுபடியும் ஒரு நம்பர். கல்யாணமாகி ஊர் ஊராகப் போகும் பெண்ணுக்கு விலாசம் மாறுவதுபோல வழக்குக்கும் விலாசம் மாறிக்கொண்டே போகிறது. ஒன்றைப் பிடித்தால் அதன் மூலம் அடுத்ததைப் பிடிக்கலாம். கோர்ட்டில் நகல் வேண்டுமானால் மனுப் போட வேண்டும்; வழக்கில் சம்பந்தமில்லாதவரானால் காரணமும் சொல்ல வேண்டும்.

புதிய வழக்குகளுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. பாலியல் குற்றங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. கோர்ட்டுகளின் இணையப் பக்கத்திலும் பெயரைப் போட்டுத் தேடலாம். ஆனால் இராயபுரத்தில் 'முருகன்' என்று போட்டுத் தேடினால் எத்தனை முருகன்கள் வருவார்கள்! தகப்பனார் பெயரும் வயதும் விலாசமும் ஒத்துப்போகாமல் ஒருவனைக் குற்றவாளி என்று சொல்வது பெரிய பாவம்.

தேடுவது எப்படி என்பதற்கு இராயபுரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றிக் கேள்விப்படாத பழைய பட்டணவாசி கிடையாது. ஆளவந்தார் பட்டாளத்தில் வேலை பார்த்து வந்தவர். பிறகு சைனா பஜாரில் பேனா வியாபாரம். 1952 ஆகஸ்டு 28-ஆம் தேதி காணாமற் போனார். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி கிடந்தது. அதை மானாமதுரையில் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல்! தலை பிறகு இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் தலையையும் உடலையும் சேர்த்து வைத்துப் பரிசோதித்தார்கள். விரல் ரேகையைப் பட்டாளத்து ரிகார்டோடு ஒப்பிட்டு, இன்னார் என்று நிச்சயம் செய்தார்கள்.

கவனித்தீர்களா? காணவில்லை என்ற புகார் பட்டணத்தில் ஒரு மூலையில். உடலைப் பற்றிய காகிதம் மானாமதுரையில். தலையைப் பற்றியது இராயபுரத்தில். ஆளை அடையாளம் காட்டிய ரேகை ராணுவக் காரியாலயத்தில். உடல் கிடந்த மாதிரியே ரிகார்டும் துண்டு துண்டாகத்தான் கிடந்தது. பிணத்தைச் சேர்த்தவர் டாக்டர்; காகிதத்தைச் சேர்த்தது கோர்ட். இராயபுரம் செமட்டரி ரோட்டில் குடியிருந்த கணவனும் மனைவியும் பம்பாயில் பிடிபட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகளோடு விசாரணை நடந்தது. நீதிபதி பஞ்சாபகேச அய்யர். ஆங்கிலத்தில் நாடகங்களும் கதைகளும் எழுதியவர். 1953-ல் கணவனுக்கு 7 வருஷம், மனைவிக்கு 3 வருஷம் தண்டனை கிடைத்தது. அவர்களுடைய பெயரை நான் எழுதவில்லை. தண்டனையை அனுபவித்து முடித்தவர்கள். பேனா பிடித்தவனும் புதிதாக ஒரு தண்டனை கொடுக்க வேண்டாம்.

இந்தச் சம்பவத்தில் மூட்டை தூக்குகிறவரோ, கட்டுமரக்காரரோ, மில் தொழிலாளியோ யாரும் இல்லை. ஆனாலும் ஜனங்கள், "இராயபுரமா? அப்படித்தான்!" என்றார்கள். ஆட்டோ சங்கரின் ஊர் திருவான்மியூர். அதற்காகத் திருவான்மியூரில் வீடு வாங்கத் தயங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு பாடத்தையும் அந்த வாலிபனுக்குச் சொன்னேன். கட்டின் கடைசிக் காகிதம் வரைக்கும் படிக்க வேண்டும். 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் கொலை. அடுத்த வருஷம் தியாகராஜ பாகவதருக்கும் என். எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்தப் பக்கத்தோடு கட்டை மூடி வைத்தவனுக்கு அவர்கள் இரண்டு பேரும் கொலைகாரர்கள்தான். லண்டன் பிரிவி கவுன்ஸில் வரைக்கும் போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானது அதற்கும் அடியில் இருக்கிறது. கலைவாணருக்கே இந்தக் கதியானால், பெயர் தெரியாத ஏழை விடுதலையானதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சரித்திரத்துக்கு ரிகார்டு வேண்டும். மனிதனுக்கு நிம்மதி வேண்டும்.

இனி அந்தத் தாத்தாவின் சங்கதிக்கு வருவோம். வருஷம் தெரியாமல் ஒன்றும் நடக்காது. "உன் ஆயா வேறு ஏதாவது சொன்னதுண்டா?" என்று கேட்டேன்.

"எங்க நைனா பொறந்தப்போ தாத்தா உள்ளே இருந்தாராம் ஸார்."

"உன் தகப்பனார் எப்போது பிறந்தார்?"

"அம்பத்தாறு."

குற்றப் பதிவேட்டில் கிடைக்காத வருஷம் மாநகராட்சியின் பிறப்புப் பதிவில் கிடைத்துவிட்டது! அவன் ஒரு ஸ்டேஷனுக்குப் போனான். அவ்வளவு பழைய பதிவேடு இல்லை என்றார்கள். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டான். இருபது வருஷத்துக்கு முந்தைய சங்கதிகளுக்குப் பெரும்பாலான தடைகளை அந்தச் சட்டமே நீக்கியிருக்கிறது. ஆனால் இல்லாத காகிதத்தை எந்தச் சட்டமும் கொண்டுவர முடியாது. கோர்ட்டிலும் அதே பதில்தான். சின்ன வழக்குகளின் கட்டுகளை இத்தனை வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று விதி இருக்கிறது. ஆளவந்தார் வழக்குக்குப் பத்திரிகைகள் சாசனம் எழுதி வைத்தன. கூலிக்காரனுக்கு அதுவும் இல்லை.

கடைசியில் இருவருமாக எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். 1909-ல் கட்டிய சிவப்புக் கட்டடம். அங்கே போலீஸ் இலாகாவின் வருஷாந்திர அறிக்கைகளைப் புரட்டினோம். கொலை, கொள்ளை, திருட்டு எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டமாகக் கணக்கு. மதுவிலக்குக் குற்றங்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அவன் அதன் மேல் விரலை வைத்து நின்றுவிட்டான்.

1948 அக்டோபர் 2-ஆம் தேதி மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் கடையில் குடித்தவன் குடிமகன். மறுநாள் குடித்தவன் குற்றவாளி. 1971-ல் சட்டம் தளர்ந்ததும் அவன் மறுபடியும் வாடிக்கைக்காரனாகிவிட்டான். 2003 முதல் சர்க்காரே கடை வைத்து விற்கிறது. மனிதன் மாறவில்லை, பட்டியல்தான் மாறியது. ஆகவே ஒரு பேட்டையில் ஒரு வருஷம் குற்றம் பெருகிற்று என்று படித்தால், ஜனங்கள் கெட்டுப்போனார்களா, சட்டம் புதிதாக வந்ததா என்று கேட்க வேண்டும்.

"இதிலே எங்க தாத்தா இருக்காரா ஸார்?" என்றான்.

"இருக்கலாம், திருட்டுக் கணக்கிலும் இருக்கலாம். காகிதம் இதற்கு மேல் சொல்லாது. ஆனால் ஒரு சாட்சி இன்னும் பாக்கி. எண்ணூர்ப் பெரியவருக்கு இது எப்படித் தெரியும்? அதைப் போய்க் கேள்" என்றேன். எந்தச் சரித்திரக்காரனும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அது. நான் கடைசியில்தான் கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மீனோடு வந்தான். இந்தத் தடவை உட்கார்ந்தான். பெரியவர் முதலில் மழுப்பினாராம். பிறகு அவருடைய அக்கா, தொண்ணூறு வயசுக் கிழவி, உள்ளேயிருந்து குரல் கொடுத்தாளாம்: "எப்படித் தெரியுமா? நம்ம அப்பாவும் அந்த ஆளும் ஒண்ணாத்தானே உள்ளே இருந்தாங்க! ஒரே சாராயக் கேஸு. மூணு மாசம். வெளியே வர்றப்போ நம்ம அப்பாவுக்குச் சட்டை இல்லேன்னு அந்த மனுஷன்தான் தன்னோடதைக் குடுத்தாரு."

அவர்கள் இருந்த பழைய சென்ட்ரல் ஜெயில் இன்று இல்லை. கைதிகளை 2006-ல் புழலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரிகார்டும் இல்லை. கிழவியின் ஞாபகம் ஒன்றுதான் மிச்சம். அதுவும் சாட்சியம்தானே, நான் ஒப்புக்கொண்டேன். எண்ணூர்க்காரர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. பந்தியில் அந்தப் பெரியவர் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். "இராயபுரத்து ஜனங்க நல்ல ஜனங்க ஸார், பேருதான் கெட்டுப்போச்சு" என்றார். யார் கெடுத்தது என்று நான் கேட்கவில்லை. பாயசம் வந்துகொண்டிருந்தது.