பூனைக்குத் தீனி, கடைக்குக் கூட்டம்

சீனாவில் நவம்பர் 11 என்பது நான்கு ஒன்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்து நிற்கும் தேதி. கல்லூரி மாணவர்கள் அதைக் கல்யாணம் ஆகாதவர்களின் நாள் என்று கேலியாகக் கொண்டாடிவந்தார்கள். 2009-இல் இணைய வணிக நிறுவனமான அலிபாபா அந்தத் தேதியைக் கையில் எடுத்தது. அக்டோபர் விடுமுறைக் கொள்முதல் முடிந்து, புத்தாண்டுக் கொள்முதல் தொடங்காத மந்தமான மாதம் அது. முகூர்த்தம் இல்லாத ஆடியை நம் ஜவுளிக்கடைகள் தள்ளுபடியால் நிரப்பியதைக் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. முதல் ஆண்டில் 27 பிராண்டுகள், 5.2 கோடி யுவான் விற்பனை. 2019-இல் அதே ஒரு நாளில் 26,840 கோடி யுவான். இதைத் தள்ளுபடியின் வெற்றி என்றே எழுதுகிறார்கள். அது பாதிக் கதை. இடைப்பட்ட காலத்தில் விற்பனை கைப்பேசிக்குப் போயிற்று; அதோடு, அதுவரை கண் பார்த்துக்கொண்டிருந்த விளம்பரம் வாடிக்கையாளரின் விரல் செய்யும் வேலையாகிவிட்டது.

காரணம் எளிது: திரை சின்னது. கணினியில் ஒரு பக்கத்தில் முப்பது பொருளை அடுக்கலாம். கைப்பேசியில் நான்கு வைத்தாலே நெரிசல். 2014-இல் அந்த நாளின் விற்பனையில் பாதிக்கும் குறைவாகவே கைப்பேசி வழியாக வந்தது. 2016-இல் நூற்றுக்கு 82. ஆயிரக்கணக்கான கடைகள் உள்ளங்கை அகலத்தில் முண்டியடிக்கும்போது எல்லாக் கடையும் கண்ணில் பட வழியில்லை. வாடிக்கையாளரைத்தான் கடை கடையாக நடக்கவிட வேண்டும். அவர் கை அசையும் என்பது 2015 சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவே தெரிந்துவிட்டது. அரசுத் தொலைக்காட்சியின் விழா நிகழ்ச்சியைப் பார்த்தபடி மக்கள் கைப்பேசியைக் குலுக்க, விளம்பரதாரர் பெயரோடு சிவப்பு உறையில் பணம் விழுந்தது. அன்றிரவு சுமார் 1,100 கோடி குலுக்கல் என்றது அதை நடத்திய வீசாட் செயலி. மறு ஆண்டு போக்கிமான் கோ என்ற கைப்பேசி விளையாட்டு, கேமராவில் தெரியும் உருவங்களைப் பிடிக்க உலகத்தைத் தெருத்தெருவாக அலையவிட்டது. அந்த விளையாட்டு சீனாவில் வெளியாகவில்லை; ஆனால் நவம்பரில் அலிபாபாவின் டிமால், தன் சின்னமான கறுப்புப் பூனையைக் கைப்பேசிக் கேமராவுக்குள் உலவவிட்டது. பிடித்தவருக்குப் பரிசும் கூப்பனும்.

விளையாட்டெல்லாம் மேல்பூச்சு, ஜனங்கள் விலைக்குத்தான் வருகிறார்கள் என்று வாதிடலாம். 2013-இலேயே விற்பனை 3,500 கோடி யுவானைத் தொட்டிருந்தது; அப்போது பூனையும் இல்லை, கேமராவும் இல்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் விளையாட்டு குறிவைத்தது அந்த ஒரு நாளை அல்ல, அதற்கு முந்தைய வாரங்களை. வாங்க எதுவும் இல்லாத நாளிலும் செயலியைத் திறக்கவைக்க விலைக்குறைப்பால் ஆகாது; காத்திருப்பையே பண்டமாக்க வேண்டும். அந்த வித்தை சீனர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. 1904-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர நாளிதழ் ஒன்று, கெர்ஹார்ட் லாங் உருவாக்கிய, கிறிஸ்துமஸ் வரை நாள் எண்ணும் நாட்காட்டியை வாசகர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. இரண்டு தாள்கள். ஒன்றில் 24 படங்கள், மற்றதில் 24 கட்டங்கள். குழந்தை நாளுக்கொரு படத்தைக் கத்தரித்துக் கட்டத்தில் ஒட்டும். கதவு திறக்கும் நாட்காட்டியெல்லாம் பிறகு வந்தது. குழந்தையின் காகித விளையாட்டை வியாபாரத்தோடு சேர்க்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள், அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது பத்திரிகையின் வாடிக்கையாளர் பிடிக்கும் ஆசைதான் என்பதை மறக்கிறார்கள். வேறுபாடு ஒன்று உண்டு, அது பெரியது. நாட்காட்டி கேட்டது ஒரு நாளைக்கு ஒரு வெட்டு. படம் ஒட்டியதோடு வேலை முடிந்தது. அண்டை வீட்டுக் குழந்தைகளைத் திரட்டிவா என்று அது சொல்லவில்லை.

அலிபாபா சொன்னது. 2019-இல் குழு சேர்த்து மாடி மேல் மாடி கட்டும் போட்டி. நண்பர்களை அழைத்தால் மாடி ஏறும். 2020-இல் மறுபடி பூனை, இந்தத் தடவை வளர்ப்பதற்கு. ஒரு கடையின் பக்கத்தில் 15 விநாடி நின்றால் மியாவ் காசு, அதைப் பூனைக்கு ஊட்டினால் அது வளரும், வளர்ந்தால் பரிசுப் பணத்தில் பங்கு. உறவினர்களின் அரட்டைக் குழுக்களெல்லாம் உதவிக் கோரிக்கையால் நிரம்பின. பலருக்குக் கடைசியில் வந்தது சில யுவான். விரல் செய்த வேலைக்கு இது கூலியே அல்ல. இருந்தாலும் இதுவரை கை தெரிந்தேதான் அசைந்தது. விளம்பர வடிவமைப்பாளர்கள் அடுத்து அந்தத் தெரிதலையும் வேண்டாம் என்றார்கள்: ஏதாவது ஒரு செயலியைத் திறந்ததும் வரும் விளம்பரம், கைப்பேசி சற்று ஆடினாலே குலுக்கியதாக எடுத்துக்கொண்டு ஆளைக் கடைக்குள் தள்ளியது. பேருந்தில் நிற்பவரும் மாடிப்படி இறங்குபவரும் கேட்காத கடைக்குள் போய் விழுந்தார்கள். புகார் பெருகியது. 2022-இல் சீனாவின் தொலைத்தொடர்புக் கருவித் துறைச் சங்கம் வெளியிட்ட தரநிலை, எதைக் குலுக்கல் என்று கொள்ளலாம் என்பதற்கு அளவு வகுத்தது: முடுக்கம் 15 மீட்டர்/விநாடி²-க்குக் குறையக்கூடாது, திரும்பும் கோணம் 35 பாகைக்குக் குறையக்கூடாது, அசைவு 3 விநாடியாவது நீடிக்க வேண்டும்.