சாவடியில் வந்து நிற்பது யார்?

ஒரு பாலம். பாலத்தின் முனையில் சுங்கச் சாவடி. முன்னால் க்யூவில் லாரிகளும் பஸ்களும். 1966-67 குளிர்காலத்தில் ஆஸ்லோ நகரில் இரண்டு நார்வேக்காரர்கள் இந்தக் காட்சியை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட். நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டரில் வேலை. வசூலில் அவர்களுக்கு அக்கறையில்லை. க்யூக்களைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்க்க ஒரு மொழி செய்துகொண்டிருந்தார்கள். அதுதான் சிமுலா.

சிக்கல் என்னவென்றால், க்யூவுக்கு லாரி, பஸ் பேதம் கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது ஏதோ ஒரு வாகனம், அவ்வளவுதான். சாவடிக்காரருக்கு பேதம் உண்டு. லாரியிடம் எத்தனை டன், பஸ்ஸிடம் எத்தனை ஸீட் என்று கேட்டு சீட்டுக் கிழிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிடம் போய் டன் கணக்குக் கேட்டால் புரோகிராம் படுத்துவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட விடையில் ஒரு பாதி உலகப் பிரசித்தம். பொதுவாக ஒரு 'வாகனம்', அதிலிருந்து கிளைக்கும் லாரி, பஸ். இன்றைக்கு ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்று காலேஜ்களில் சொல்லித் தருகிறார்களே, அதன் விதை இதுதான். மறுபாதியை அதிகம் பேர் பேசுவதில்லை. 'இன்ஸ்பெக்ட்' என்று ஒரு கட்டளை. வந்து நிற்பதைப் பரிசோதி. லாரியாக இருந்தால் இதைச் செய், பஸ்ஸாக இருந்தால் அதைச் செய், 'அதர்வைஸ்', எதுவுமில்லை என்றால் வேறொன்றைச் செய். பொருளின் வகையைப் பார்த்து வழி பிரிவது. இந்த யோசனையின் வேர், டோனி ஹோர் என்ற ஆங்கிலேயர் 1965-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது.

இதென்ன பிரமாதம், மூன்று வரி சமாசாரம் என்பீர்கள். அந்த மூன்று வரியை வடிவமைப்பதில்தான் அத்தனை வம்பும். பஸ் என்று தெரிந்தபின் அதை என்ன பெயரால் கூப்பிடுவது? சிமுலாவில் பெயரே வேண்டாம். பஸ் பகுதிக்குள் நுழைந்துவிட்டால் 'ஸீட்' என்ற சொல் தானாகவே அந்த பஸ்ஸின் ஸீட்டைக் குறிக்கும். சௌகரியம்தான். ஆனால் வெளியே நீங்கள் வேறெதற்கோ 'ஸீட்' என்று பெயர் வைத்திருந்தால், உள்ளே அது மறைந்துபோகும். அப்புறம் வரிசை. முதல் கேள்வியாக 'வாகனமா?' என்று எழுதித் தொலைத்தால் எல்லாமே வாகனம். பஸ், லாரி வரிகளுக்கு யாருமே வந்து சேரமாட்டார்கள். சாவடியில் வாகனமே இல்லாமல் வெறும் சூன்யம் நின்றால்? சிமுலா அதை அமைதியாக 'அதர்வைஸ்' பக்கம் அனுப்பிவிடும்.

சூன்யம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'நல்' எனப்படும் இந்த வெற்றுக் குறியையும் 1965-ல் அல்கால் டபிள்யூ மொழிக்காகப் புகுத்தியவர் அதே ஹோர்தான். 2009-ல் லண்டன் மாநாடு ஒன்றில், அது தான் செய்த நூறு கோடி டாலர் தவறு என்று மன்னிப்புக் கேட்டார்.

இத்தனை நல்ல இன்ஸ்பெக்ட் ஏன் பரவவில்லை? காரணம் ஒரு சிமுலா ரசிகர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போது சிமுலாவில் புழங்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், பின்னால் பெல் லேப்ஸில் சி பிளஸ் பிளஸ் செய்தபோது இன்ஸ்பெக்ட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டார். அதை வைத்துக்கொண்டு ஜனங்கள் கண்டபடி எழுதுகிறார்கள் என்பது அவர் கட்சி. 'நீ யார்?' என்று கேட்காதே, 'உன் கட்டணத்தை நீயே சொல்' என்று வாகனத்திடமே விட்டுவிடு என்பதுதான் சித்தாந்தம். கேட்பதற்கு அழகு. நாளை ஆட்டோ ஒன்று புதிதாக வந்தால் அதுவே தன் கட்டணத்தைச் சொல்லிக்கொள்ளும். ஆனால் நாளைக்கே புகை வரி, நாளன்றைக்கு இன்ஷூரன்ஸ் என்று புதுப்புதுக் கேள்விகள் வந்தால், ஒவ்வொரு வாகனத்தையும் பிரித்து மாட்ட வேண்டும். வகைகள் கூடும்போது ஒரு முறை சௌகரியம், கேள்விகள் கூடும்போது இன்னொன்று. 1998-ல் பிலிப் வாட்லர் இந்த இழுபறிக்கு 'எக்ஸ்பிரஷன் பிராப்ளம்' என்று நாமகரணம் செய்தார்.

1995-ல் வந்த ஜாவாவில் வகை கேட்க வழி இருந்தது. எப்படி? 'இது பஸ்ஸா?' ஆமாம். 'அப்படியானால் இதை பஸ்ஸாக பாவித்துக்கொள்.' சரி. 'அந்த பஸ்ஸுக்கு ப என்று பெயர் வை.' ஒரே சங்கதியை மூன்று தடவை. முதலில் பஸ் என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியில் தூக்கக் கலக்கத்தில் லாரி என்று அடித்தவர்கள் உண்டு. ஓடும்போதுதான் கவிழும்.

இதற்கிடையில் எடின்பரோவில் வேறொரு கோஷ்டி. கணிதப் பின்னணிக்காரர்கள். அங்கே ராட் பர்ஸ்டாலும் சகாக்களும் 1980-ல் வெளியிட்ட மொழிக்குப் பெயர் 'ஹோப்'. நம்பிக்கை என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள், பக்கத்துச் சதுக்கத்தின் பெயர். அதில் ஒரு வகைக்கு என்னென்ன வடிவங்கள் உண்டு என்று முதலிலேயே பட்டியல் போட்டு முடித்துவிட வேண்டும். அதன் வாரிசுகளில் ஒன்றான ஸ்டாண்டர்ட் எம்எல் மொழியில் இதன் பலன் தெரிந்தது. பட்டியலில் ஒன்றை நீங்கள் விட்டுவிட்டால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் எச்சரிக்கும். என்னைக் கேட்டால் சிமுலாவுக்குக் கிடைக்காமல் போன பாக்கியம் இதுதான். ஆஸ்லோ சாவடியில் ஆட்டோ வந்தால் சத்தமில்லாமல் 'அதர்வைஸ்' வழியே போய்விடும்; யாருக்கும் தெரியாது.

இரண்டு சம்பிரதாயங்களுக்கும் கல்யாணம் செய்துவைத்தவர்களில் முக்கியமானவர், ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் 2004-ல் ஸ்காலா மொழியை வெளியிட்ட மார்ட்டின் ஓடர்ஸ்கி. 2017-ல் சி ஷார்ப்பும் இந்த வழிக்கு வந்தது. ஜாவா நிதானமாக வந்தது. 2021 மார்ச்சில், ஜாவா 16-ல், அந்த மூன்று வரி ஒன்றானது: 'வாகனம் இன்ஸ்டன்ஸ்ஆஃப் பஸ் ப'. கேள்வி, பாவனை, பெயர் எல்லாம் ஒரே மூச்சில். பஸ்தான் என்று கம்பைலருக்கு நிச்சயமான இடத்தில் மட்டும் 'ப' என்ற பெயர் செல்லும். அதே வருஷம் செப்டம்பரில் 'ஸீல்டு', அதாவது 'இவைதாம் வாகனங்கள், வேறு கிடையாது' என்று முத்திரை வைக்கும் வசதி. 2023 செப்டம்பரில், ஜாவா 21-ல், வகையைப் பார்த்துப் பிரியும் ஸ்விட்ச். பொது வகையை முன்னால் எழுதினால் கம்பைலர் மறுத்துவிடும். சூன்யத்துக்கு நீங்களே ஒரு வரி எழுதலாம். எழுதாவிட்டால், அது வந்து நிற்கும்போது புரோகிராம் வெடிக்கும்.

ஆக, ஆஸ்லோவில் 1967-ல் இருந்தது ஜாவாவுக்கு வந்து சேர ஐம்பத்தாறு வருஷம். டாலுக்கும் நைகார்டுக்கும் 2001-ம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2002-ல் ஜூனில் ஒருவரும் ஆகஸ்டில் மற்றவரும் காலமானார்கள்.

முத்திரை வைத்த பட்டியலில் இன்று ஆட்டோவைச் சேர்த்துவிட்டு, கட்டணம் எழுத மறந்தால், ஜாவா புரோகிராமை ஓடவே விடாது. ஒரே ஒரு ஓட்டை உண்டு. 'டிஃபால்ட்' என்று கடைசியில் ஒரு வரி போட்டுவிட்டால் கம்பைலர் கப்சிப். வெள்ளிக்கிழமை சாயந்தரம், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நம் ஆட்கள் அந்த ஒரு வரியைத்தான் போடுவார்கள். ஆட்டோ மறுபடியும் இலவசம்.