கண்டி நாட்டிற் பாதமும் பாதணியும்

மன்னரின் முடியையும் செங்கோலையும் விரித்துரைக்கும் வரலாறு மக்களின் கால்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆயினும், ஒரு சமூகத்தின் ஏற்றத்தாழ்வு அதன் கால்விரல்களிலும் பதிந்திருக்கும் என்பதற்குக் கண்டி நாடு தக்க சான்றாகும்.

1660இல் சிறைப்பட்டு 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலிலே, சப்பாத்தும் காலுறையும் அரசனுக்கே உரியவை என்றும் ஏனையோர் அவற்றை அணிவதில்லை என்றும் குறிப்பிடுகிறார். பாதணி காலுக்குக் காப்பு என்பதிலும் பார்க்க, அதிகாரத்தின் சின்னமாகவே அங்கு விளங்கிற்று எனலாம்.

1815இல் கண்டி முடியாட்சி மறைந்தது. பின்னர் எழுந்த கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே சென்றனர். தோட்டத்திலும் வெறுங்காலே அவர்களுக்கு வாய்த்தது. ஈரமண்ணில் வாழும் கொழுக்கிப் புழுவின் குடம்பிகள் விரலிடுக்குத் தோலைத் துளைத்து உடலினுட் புகுவன. புழுவாக வளர்ந்தபின் குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சுவன. சோகையும் சோர்வும் இதனால் விளைந்தன. 1916இல் றொக்பெல்லர் நிதியத்தின் துணையோடு மாத்தளைப் பகுதியில் இப்புழுவை ஒழிக்கும் முயற்சி தொடங்கிற்று. மருந்து மட்டும் போதாது, மலசலகூடமும் வேண்டும் என்பது அப்போது வற்புறுத்தப்பட்டது.

இதனைக் கொண்டு, சப்பாத்தணிந்த பாதம் குறையற்றது எனக் கருதுதல் பொருந்தாது. ஹொங்கொங்கில் நடத்தப்பட்டு 1958இல் வெளிவந்த ஆய்வொன்றில், சப்பாத்தணிவோருள் 33 சதவீதத்தினருக்குப் பெருவிரல் மற்றைய விரல்களை நோக்கிச் சாய்ந்திருந்தது. வெறுங்காலினரிடையே இது 1.9 சதவீதமே. பரம்பரை இயல்பும் இக்கோணலுக்கு ஒரு காரணமாயினும், ஒடுங்கிய முனையும் உயர்ந்த குதியுமுடைய சப்பாத்து விரல்களை நெருக்கி அதனை மிகுவிக்கின்றது. முனை அகன்ற பாதணியும் விரற்பயிற்சியும் நோவைத் தணிக்கும். எனினும் சாய்ந்த எலும்பை அவை நிமிர்த்துவதில்லை. நோவு தாங்கவொண்ணாதபோதே சத்திரசிகிச்சை நாடப்படுகிறது. நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய பாதத்திலோ, கோணிய விரலின் சிறு உராய்வும் ஆறாப் புண்ணாகலாம்.

எனவே, பாதணி இன்மையும் பொருந்தாப் பாதணியும் வெவ்வேறு வகையிற் கேடு விளைப்பனவே. ஒருகாலத்தில் அரசனுக்கு மட்டும் உரியதாயிருந்த பாதணி, சேற்றில் உழைப்பவனுக்கே முதலில் உரியதாதல் வேண்டும். அதுவும் அவன் பாதத்தின் அளவறிந்து அமைதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.