வீட்டுக் கணினியும் வரைகலை அட்டைத் தெரிவும்

கருவியொன்றைத் தெரிவு செய்வோன் அதனாற் செய்யக் கருதிய வினை யாதென முதற்கண் துணிதல் வேண்டும். வினையை மறந்து கருவியின் பொலிவை மட்டும் நோக்குவோன் பொருளிழந்து வருந்துவான். வீட்டுக் கணினிக்கு வரைகலை அட்டை தேடுவோர்க்கு இவ்வுண்மையைத் தெளிவுறுத்துவது அவ்வட்டைகளின் தொடக்க வரலாறாகும்.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவின் ஐ. பி. எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. திரையில் எதனையேனும் காட்டுதற்கு அக்கணினியுள் தனியட்டையொன்றைப் பொருத்துதல் வேண்டும். வாங்குவோர்முன் இருவகை அட்டைகள் இருந்தன. ஒன்று ஒருநிற அட்டை. அது வரிக்கு 80 எழுத்தாக 25 வரிகளை மிகத் தெளிவாகக் காட்டியது. ஆயின், தன்னுட் பதிக்கப்பெற்ற 256 குறிகளையன்றிப் பிறிதொன்றையும் காட்டமாட்டாது. மற்றையது பன்னிற அட்டை. அது 320க்கு 200 புள்ளி என்னும் அளவில் நான்கு நிறங்களிற் படம் வரைந்தது. ஆயின், அதன் எழுத்துகள் தெளிவு குன்றியவை. நெடுநேரம் படிப்போர் கண்ணுக்கு இதமளியாதவை. தெளிவை விரும்பினோர் படத்தையும், படத்தை விரும்பினோர் தெளிவையும் இழக்க நேர்ந்தது.

இவ்விரண்டினாலும் நிறைவுறாத தேவையொன்று வான் சுவன்னுகுல் என்பார்க்கு இருந்தது. அவர் தம் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைத் தாய்லாந்து நாட்டு எழுத்திற் கணினியில் எழுத விழைந்தார். அவ்வெழுத்தில் மெய்யின் மேலும் கீழும் உயிர்க்குறிகள் அமையும்; அவற்றின் மேலும் ஒலிக்குறிகள் அடுக்கப்படும். ஒருநிற அட்டையின் 256 குறிகளுள் அவை இல்லை. பன்னிற அட்டையின் புள்ளிகளோ போதா. ஆதலின், அவர் புதியதோர் அட்டையை ஆக்கினார். 1982இல் கெவின் ஜென்கின்ஸ் என்பாருடன் கூடி ஹேர்குலிஸ் என்னும் நிறுவனத்தையும் தோற்றுவித்தார்.

அவ்வட்டை 720க்கு 348 புள்ளிகளைத் தனித்தனியே ஒளிரச் செய்தது. ஒருநிற அட்டையின் எழுத்துத் தெளிவையும் அது கைவிடவில்லை. முன்பிருந்த ஒருநிறத் திரையையே வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் மாற்றினாற் போதியதாயிற்று. எனினும், அட்டையை அறிந்து எழுதப்பட்ட செய்நிரல்களே அதிற் படம் வரையவல்லன. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கு நிரல் அதற்கு இடமளித்தமையால், எண்களையும் வரைபடங்களையும் ஒரே திரையிற் காண விரும்பிய வணிகர் அதனை விரும்பி வாங்கினர்.

தமிழ் மாணாக்கர்க்கு இவ்வரலாறு அயலதன்று. தாய்லாந்து எழுத்து, கெமர் எழுத்தின் வழியாகப் பல்லவர்கால எழுத்திலிருந்து கிளைத்தது. அந்த 256 குறிகளுள் தமிழெழுத்தும் இடம்பெறவில்லை. ஆக்கியோர் எண்ணிப் பாராத மொழிகளுக்கெல்லாம், புள்ளி புள்ளியாக வரையும் ஆற்றலே திரையின் வாயிலைத் திறந்தது.

1987இல் வந்த வீ. ஜீ. ஏ. முறை, 640க்கு 480 புள்ளிகளில் 16 நிறங்களைக் காட்டி, தெளிவையும் நிறத்தையும் ஒருங்கே தந்தது. பழைய அட்டைகள் வழக்கொழிந்தன. அவை எழுப்பிய வினாக்கள் ஒழிந்தில. செய்யும் வினை யாது? இருக்கும் திரைக்கு அட்டை இசையுமா? வேண்டிய நிரல் அதனை ஏற்குமா? இன்று அட்டை மாற்றுவோன் மின்வழங்கியின் வலுவையும் பெட்டியின் இடத்தையும் இவற்றோடு சேர்த்து வினவுதல் வேண்டும். விலையை வினவுதல் அதன் பின்னரே தகும்.