சோக்கும் மார்கழிப் பனியும்

பழைய கார் வச்சிருக்கிறவங்க மார்கழி காலையில தவறாம சொல்ற டயலாக் ஒண்ணு இருக்கு. "ராத்திரி பனி ஜாஸ்திப்பா, அதான் கிளம்ப மாட்டேங்குது."

என்ன பெரிய பனி? சென்னையில் பதிவானதிலேயே குறைஞ்ச வெப்பநிலை 13.9 டிகிரி. அதுவும் 1895ல். செங்கல்பட்டுல மார்கழி விடியல்னா இருபது டிகிரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இதுக்கே ஒரு பெட்ரோல் எஞ்சின் பயந்தா கனடாவுல எவனும் கார் ஓட்டியிருக்க முடியாது :-)

ஆனா கார் கிளம்பலைங்கிறது நிஜம். குற்றவாளி யாருங்கிறதுல தான் தப்பு. அந்தத் தப்புக்குப் பின்னாடி நம்ம ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்துச் சரித்திரம் கொஞ்சம் இருக்கு.

1953ல் டாரிஃப் கமிஷன் ஒரு முடிவு சொல்லிச்சு. உதிரி பாகங்களை இங்கேயே செஞ்சு கார் தயாரிக்கிற திட்டம் இருந்தா இருக்கலாம்; பெட்டியில வந்ததைப் பூட்டி விக்கிறது மட்டும்னா நடையைக் கட்டலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டினாங்க. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், நம்ம பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ்னு கார் சந்தை பிரிஞ்சது. ஸ்டாண்டர்டோட ஆலை வண்டலூர் - பெருங்களத்தூர்ல. அப்போ அது செங்கல்பட்டு ஜில்லா. 2019ல் மாவட்டம் பிரிச்ச பிறகும் செங்கல்பட்டே.

1961ல் அங்கிருந்து ஹெரால்டு வெளிய வந்தது. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைஞ்ச டிசைன், 948 சிசி எஞ்சின், இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டோட தம்பி. பானெட்டைத் தூக்கினா மட்கார்டோட சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமா சாயும். டயர் மேல உக்காந்துகிட்டே வேலை பார்க்கலாம். இன்னிக்கு கார்ல ஒரு பல்பு மாத்த பம்பரைக் கழட்டச் சொல்றாங்க, அதையெல்லாம் பார்த்தா வயிறு எரியுது.

கோவென்ட்ரி ஊர்க் குளிருக்காகப் பிறந்த கார் அது. அங்க சோக் உயிர்நாடி. குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, கார்புரேட்டர் உள்ளேயே திவலையா ஒட்டிக்கும். அதனால காத்தை அடைச்சு பெட்ரோலை அதிகமா இழுக்க வைக்கிறாங்க. அதுதான் சோக். ஊட்டியில அது நிச்சயம் வேணும். நம்ம சமவெளிக்கு? கொஞ்சம் இழுத்து, எஞ்சின் புடிச்சதும் உள்ளே தள்ளினா போதும். நம்மாளுங்க என்ன செஞ்சாங்கன்னா, "பனி"ன்னு முடிவு கட்டி முழுசா இழுத்துட்டு செல்ஃபை அழுத்திக்கிட்டே இருந்தாங்க. பிளக் நனைஞ்சு ஓவர்ஃப்ளோ. அதோட போனா பரவாயில்ல. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிட்டு கீழ ஆயில்லயும் கலக்கும். பிஸ்டன் ரிங்கும் போரும் தேயும், கம்ப்ரெஷன் குறையும். கம்ப்ரெஷன் குறைஞ்சா காலையில கிளம்புறது இன்னும் கஷ்டம். உடனே இன்னும் கொஞ்சம் சோக்! இல்லாத குளிருக்கு வைத்தியம் பார்த்தே எஞ்சினைக் கொன்னது இப்படித்தான்.

உண்மையான வில்லன் ஈரம். மாமல்லபுரம் பக்கம் ராத்திரி முழுக்க வெட்டவெளியில காரை நிறுத்திப் பாருங்க. விடியறப்போ காத்துல ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல, கூடவே கடல் உப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் கேப் உள்ள அந்த உப்பு ஈரம் மெல்லிசா படிஞ்சா, பிளக்குக்குப் போக வேண்டிய ஆயிரக்கணக்கான வோல்ட் கேப் சுவர் வழியா எஞ்சின் பாடிக்கே ஓடிடும். உப்புத் தண்ணி கரண்ட்டை நல்லா கடத்தும்னு பள்ளிக்கூடத்துல படிச்சதுதான்.

கண்டுபிடிக்கிறதும் சுலபம். செல்ஃப் இழுவையா இருந்தா பேட்டரி. அதுல முதல்ல பார்க்க வேண்டியது டெர்மினல்ல பூத்திருக்கிற பச்சையும் வெள்ளையும். அந்தக் கால டைனமோ மெதுவா ஓடும்போது சரியா சார்ஜும் ஏத்தாது. செல்ஃப் ஜம்முனு சுத்தியும் புடிக்கலைன்னா ஒரு பிளக்கைக் கழட்டுங்க. காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வரல. நனைஞ்சிருந்தா, அதைத் துடைச்சு ஒயர்ல மாட்டி, பெட்ரோல் வாசனை இல்லாத இடமா எஞ்சின் மேல படுக்க வச்சு யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. நீலமா பளிச்சுனு பொறி வந்தா சரி. மஞ்சளா, சோகையா வந்தா டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் ஒயர்களையும் காய்ஞ்ச துணியில துடைங்க, பாயிண்ட்டைச் சுத்தம் பண்ணி இடைவெளி பாருங்க. ஹெரால்டுக்கு அது 15 'தௌ', அதாவது 0.38 மில்லிமீட்டர். பாதி கேஸ் இதுலயே முடிஞ்சிடும். டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர், டைனமோ வகையறாவுக்காக பாடியில லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கினதும் ஹெரால்டு வந்த அதே 1961ல்தான்.

ஸ்டாண்டர்ட் கதை சோகம். 1985ல் ரோவர் உடம்புக்குள்ள வேன்கார்ட் காலத்து எஞ்சினோட வாரிசை வச்சு ஸ்டாண்டர்ட் 2000ன்னு விட்டாங்க. விலையும் ஜாஸ்தி, பெட்ரோலும் ஜாஸ்தி. சில வருஷத்துல நின்னு போச்சு. 2006ல் ஆலையைப் பிரிச்சாங்க. இப்போ அந்த நிலத்துல ஐ.டி. பார்க், அடுக்குமாடி. என்னை மாதிரி ஆளுங்க ஐ.டி. கார்டைத் தொங்கவிட்டுட்டு டீ குடிக்கிற இடம்.

சோக்குக்கும் சாவு வந்தது. 2000 ஏப்ரல்ல நாடு முழுக்கப் புகைக் கட்டுப்பாடு இறுகினதும் கார்புரேட்டர் ஒதுங்கி, பெட்ரோல் ஊசி மூலமா போக ஆரம்பிச்சது. குளிரா இல்லையான்னு முடிவு பண்றது இப்போ நாம இல்ல, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். அது கெட்டுப் போய் 'மைனஸ் முப்பது'ன்னு புளுகினா, கம்ப்யூட்டர் நம்பி பெட்ரோலைக் கொட்டும். பிளக் நனையும். சோக்கை முழுசா இழுத்த அதே கதை, இந்தத் தடவை சாஃப்ட்வேர் புண்ணியத்துல. எங்க தொழில்ல தப்பான இன்புட்னு இதைத்தான் சொல்வோம்.

இதுல வேடிக்கை மறைமலை நகர். அங்க ஃபோர்டு கட்டின ஈகோஸ்போர்ட் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிச்சு. இருபது டிகிரியை 'பனி'ன்னு சொல்ற ஊர்ல பூட்டின கார், மிச்சிகன் பனிக்காலத்துல ஒரே சாவியில கிளம்பியாகணும்! 2022 ஜூலையில் அங்க கடைசி கார் வெளிய வந்தது. 2025 அக்டோபரில், அதே இடத்துல எஞ்சின் தயாரிக்கப் போறதா ஃபோர்டு அறிவிச்சிருக்கு, 2029ல் தொடங்குமாம்.

உங்க வீட்டுல, தெருவுல ஹெரால்டு ஓட்டின பெரியவங்க இருந்தா, மார்கழியில சோக்கை எவ்வளவு இழுப்பாங்கன்னு கேட்டு பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.