தொழில் கற்பித்தவனுக்கு என்ன கூலி? அந்தேவாசி விதிகள்: ஒரு மறுவாசிப்பு

நாரத ஸ்மிருதியின் ஐந்தாம் வழக்குப் பிரிவில், தொழில் பழக வரும் அந்தேவாசியைப் பற்றிச் சில சுலோகங்கள் உள்ளன. அவற்றை அடிமைமுறையின் ஓர் ஓரமாகக் கொண்டு படிப்பதே ஆய்வுலகில் நெடுநாள் வழக்கம். அந்த வாசிப்பின்படி, கைதேர்ந்த தொழிலாளி நாளைக்குத் தனக்கு எதிரே பட்டறை போடப்போகிறவனை முடிந்த மட்டும் தன் கூரைக்குள்ளேயே பிடித்து வைக்கிறான். சாத்திரம் அவனுக்குத் துணை நிற்கிறது. கற்று முடித்துவிட்டாலும் பேசிய காலம் தீரும்வரை மாணாக்கன் ஆசாரியனிடமே இருக்க வேண்டும், அதுவரை அவன் செய்யும் வேலையின் பலன் ஆசாரியனுக்கே சேரும் என்ற விதியே இதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுகிறது. அதே விதியிலிருந்து வேறொரு முடிவுக்கு வர இடமிருக்கிறது என்பது என் கருத்து. மாணாக்கன் ஒருநாள் போட்டியாளன் ஆவான் என்பதை இந்த விதி தடுக்க முயலவில்லை. அதை நடக்கப்போவதாகவே ஏற்றுக்கொண்டு, அவனை உருவாக்க ஆகும் செலவை அவன் புறப்படும் முன்பே ஈடுகட்டிக்கொள்ள ஆசாரியனுக்கு வழி செய்கிறது. அனுபவமுள்ள தொழிலாளி தனக்குப் போட்டியாக வரக்கூடியவனுக்குக் கற்பிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நம் பழைய சட்ட நூல்களில் விடை உண்டென்றால், அது இங்கேதான் இருக்கிறது.

விதிகள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையைப் பார்க்கலாம். உறவினர் சம்மதத்தோடு, எவ்வளவு காலம் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு, மாணாக்கன் ஆசாரியன் வீட்டில் தங்குகிறான். ஆசாரியன் அவனுக்குச் சோறு போட்டுக் கற்றுத்தர வேண்டும். வேறு வேலை வாங்கக் கூடாது. மகனைப் போல நடத்த வேண்டும். குற்றமற்ற, ஒழுங்காகக் கற்பிக்கிற ஆசாரியனை விட்டு ஓடுகிறவனை வலுவில் திரும்பக் கொண்டுவரலாம். அடியும் கட்டும் கூட அவனுக்கு உண்டு. அடுத்து வருவதுதான் நாம் பேசும் விதி. அதற்கும் அடுத்ததாக, குறித்த காலத்தில் தொழிலைக் கற்றவன் ஆசாரியனை வலம் வந்து, இயன்ற அளவு மரியாதை செய்துவிட்டு வீடு திரும்புகிறான். முந்தைய ஆய்வுகள் நான்காவது விதியைத் தனியே பிய்த்தெடுத்து வாசித்தன. ஐந்தாவதைச் சடங்கு என்று ஒதுக்கின. ஆனால் முழு ஏற்பாடும் போய்ச் சேருவது அந்த ஐந்தாவது விதியில்தான். மாணாக்கன் போகிறான். அவன் போவதற்கு ஆசாரியனின் அனுமதி தேவை என்ற பேச்சே இல்லை. காலம் முடிந்தது, அவ்வளவுதான். போன பிறகு எங்கே தொழில் செய்யலாம், யாருக்குச் செய்யலாம், எத்தனை நாள் கழித்துச் செய்யலாம் என்பது பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

யாக்ஞவல்கியர் இதே விதியைச் சொல்லும் முறை இன்னும் தெளிவானது. ஆசாரியனிடமிருந்து உணவு பெறுவதையும், வேலையின் பலனை ஆசாரியனுக்குக் கொடுப்பதையும் அவர் ஒரே சுலோகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். கொடுக்கல் வாங்கலின் இரு பக்கங்கள் இவை. எந்தப் பட்டறையிலும் தொழில் பழக வருகிறவனின் தொடக்க காலம் நட்டக்கணக்குத்தான்: சோறு தின்கிறான், பொருளைப் பாழாக்குகிறான், கற்றுத்தருகிறவனின் நேரத்தைத் தின்கிறான். உலோகம் வார்க்கிற இடத்தில் மெழுகு வடிவின் மேல் மண் பூசும்போது ஓரிடத்தில் ஈரம் தங்கிவிட்டாலும் வார்ப்பு வெடிக்கும். உலோகத்தை மறுபடி உருக்கலாம், விறகும் உழைப்பும் திரும்பி வருவதில்லை. கடைசிக் காலத்தில்தான் அவன் கையால் வரவு வருகிறது. அந்த வரவு ஆசாரியனுக்குச் சேராவிட்டால் முந்தைய செலவுக்கு ஈடு இல்லை. ஆகவே கற்று முடித்தவனையும் இருக்கச் சொல்வது போட்டியாளனைத் தாமதப்படுத்தும் தந்திரம் என்பதைவிட, பின்னால் தள்ளி வைக்கப்பட்ட கட்டணம் என்று கொள்வதே இரண்டு நூல்களுக்கும் பொருந்துகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டை ஒட்டிக் கல்யாணிச் சாளுக்கியர் நாட்டில் மிதாட்சரை எழுதிய விஞ்ஞானேசுவரர், ஆயுர்வேதம் முதலிய கலைகளைக் கற்க நான்கு ஆண்டு உம் வீட்டில் இருக்கிறேன் என்று மாணாக்கன் ஒப்புக்கொள்வதாக எடுத்துக்காட்டுகிறார். எடுத்துக்காட்டு வைத்தியத்தைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் இன்னொரு வைத்தியன் வந்தால் முதலில் குறைவது கற்பித்தவனின் நோயாளிகள்தான். உரைகாரர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் நிறுத்திச் சொல்வது ஆண்டுக் கணக்கைத்தான்.

என் வாசிப்புக்கு மிக வலுவான துணை நாரதரிடம் இல்லை, காத்தியாயனரிடம் இருக்கிறது. அவருடைய நூல் முழுதாகக் கிடைக்காமல், நிபந்தங்கள் எனப்படும் பிற்காலத் தொகுப்பு நூல்களில் மேற்கோளாகச் சிதறிக் கிடந்ததை பி.வி. காணே 1933இல் தொகுத்து வெளியிட்டார். அதில் ஒரு விதி: தொழிலைக் கற்றுத்தராமல் வேறு வேலை வாங்குகிற ஆசாரியனுக்கு முதல் நிலைத் தண்டம்; மாணாக்கன் அவனை விட்டுப் போகலாம். வருங்காலப் போட்டியாளனுக்கு எதிராக ஒரு தொழிலாளியின் கையில் இருக்கிற இயல்பான ஆயுதம் எது? விரட்டுவதும் அடிப்பதும் இல்லை. சூட்சுமத்தைச் சொல்லாமல் விடுவது, ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலையிலேயே வைத்திருப்பது. இன்றைக்கும் பட்டறைகளில் பையன்கள் சொல்லும் முதல் குறை இதுதான். தண்டம் விழுவது குறிப்பாக அந்த ஆயுதத்தின் மேல். சட்டம் ஆசாரியன் பக்கம் நின்று போட்டியை ஒடுக்க நினைத்திருந்தால், அவன் கையிலிருந்த மிக எளிய கருவியையே பிடுங்கியிருக்காது. முந்தைய வாசிப்பைச் சார்ந்தவர்கள் இந்த விதியை மாணாக்கன் மேல் காட்டிய இரக்கம் என்று சொல்லிக் கடந்து விடுகிறார்கள். இரக்கம் என்றால் மாணாக்கனை விடுவித்தாலே போதுமே, தண்டம் எதற்கு?

மௌனத்திலிருந்து வாதிடுவது ஆபத்தானது என்பதை நான் மறக்கவில்லை. போன பிறகு தடை இல்லை என்பது, தடை பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பதாக மட்டுமே இருக்கலாம். ஆனால் இந்த நூல்கள் சந்தைப் போட்டியின் நெளிவு சுளிவுகளை அறியாதவை அல்ல. வணிகர்கள் கூடிப் பேசி விலையைப் பிடித்துக் கைத்தொழிலாளரை வருத்தினால் உயர்ந்த தண்டம் என்கிறார் யாக்ஞவல்கியர். கைத்தொழிலாளர்களே கூட்டுச் சேர்ந்து வேலையின் தரத்தைக் குறைத்தாலோ, ஆதாயத்தை ஏற்றினாலோ, விற்பனையைக் கெடுத்தாலோ ஆயிரம் பணம் தண்டம் என்று அர்த்தசாத்திரத்தின் நான்காம் அதிகரணம் விதிக்கிறது. இவ்வளவு நுணுக்கமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்களுக்கு, பிரிந்துபோன மாணாக்கன் மேல் தடை போடும் யோசனை எட்டியிருக்காது என்பது நம்பக் கடினம். அந்த யோசனை மனிதருக்கு அரிதானதும் அல்ல. இங்கிலாந்தில் 1414இல் ஒரு சாயத் தொழிலாளி, அரை ஆண்டு அந்த ஊரில் தன் தொழிலைச் செய்வதில்லை என்று எழுதிக்கொடுத்த பத்திரம் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி சீறி, அது செல்லாது என்றார். 1536இல் எட்டாம் ஹென்றியின் சட்டம், பயிற்சி முடித்தவர்கள் உத்தரவில்லாமல் கடை திறப்பதில்லை என்று தொழிற்சங்கத் தலைவர்கள் சத்தியம் வாங்குவதையும் பத்திரம் எழுதி வாங்குவதையும் தடுத்தது. தடுக்க ஒரு சட்டமே தேவைப்பட்டது என்றால், வழக்கம் எவ்வளவு பரவியிருந்திருக்க வேண்டும்! அங்கே மன்னன் விலக்கியதை இங்கே ஸ்மிருதிக்காரர்கள் விலக்கவும் இல்லை, விதிக்கவும் இல்லை. பேசிய காலத்துக்குள்ளேயே கணக்கு நேராகி விடுகிறது என்பதே அதற்குப் போதிய விளக்கம்.

சாதிதான் உண்மையான பூட்டு, அதனால் வேறு பூட்டு தேவைப்படவில்லை என்பார்கள். இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. நாரதர் பேசுவதே ஒருவன் தன் தொழிலைக் கற்க விரும்புவதைப் பற்றித்தான். பிறப்பால் வந்த தொழில் என்று அதற்குப் பொருள் கொள்ள நியாயம் உண்டு. வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு இந்த விதிகள் எந்தச் சுதந்திரத்தையும் தரவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் மறுப்பு நிரூபிப்பது அவ்வளவுதான். வாசலில் பூட்டு இருந்ததால் உள்ளே போட்டி இல்லை என்று அதிலிருந்து வராது. தகப்பனிடமே மகன் கற்றுக்கொள்ளும் இடத்தில் காலம் பேசவோ, உறவினர் சம்மதம் கேட்கவோ அவசியம் என்ன? வேறொரு வீட்டுப் பையன் வருவதால்தான் ஒப்பந்தமே. ஒரே குலத்தைச் சேர்ந்த, ஒரே ஊரில், ஒரே வாடிக்கைக்காரர்களை நம்பி வாழ வேண்டிய அந்தப் பையன், அன்னியனைவிட நெருக்கமான போட்டியாளன். பங்காளிகளுக்குள் போட்டி இராது என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். பாரிஸ் நகரத் தொழில்களின் விதிகளை 1268ஐ ஒட்டித் தொகுத்த எத்தியன் புவாலோவின் நூலில், பல தொழில்களில் ஆசாரியன் தன் பிள்ளைகள் நீங்கலாக ஒருவரையோ இருவரையோதான் பழக்கலாம் என்ற வரம்பு இருக்கிறது. ஸ்மிருதிகளில் அப்படித் தலை எண்ணும் வரம்பும் இல்லை.

இதைவிடக் கடினமானது சிரேணிகள் பற்றிய கேள்வி. தொழிற்குழுக்கள் தமக்குள் செய்துகொண்ட கட்டுப்பாடுகளை அரசன் காக்க வேண்டும் என்று நாரதரே வேறொரு பிரிவில் சொல்கிறார். போட்டித் தடைகள் எழுத்தில் வராத அந்தக் கட்டுப்பாடுகளில் இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் சொல்லச் சான்று வேண்டும்; மந்தசோர்க் கல்வெட்டு நமக்குக் கொஞ்சம் உள்ளே காட்டுகிறது. லாட நாட்டிலிருந்து தசபுரம் வந்து குடியேறிய பட்டு நெசவாளர் சிரேணி 436-37இல் சூரியன் கோயில் கட்டி, 473-74இல் அதைப் புதுப்பித்தது. கூட்டத்தில் சிலர் வில்வித்தைக்கும், சிலர் சோதிடத்துக்கும், சிலர் கதை சொல்வதற்கும் போய்விட்டதை அந்தக் கல்வெட்டு பெருமையாகவே பாடுகிறது. புகழ்மாலையை அப்படியே நம்பக் கூடாது என்பது சரி. என்றாலும், ஊர் விட்டு ஊர் போய், தொழிலையும் மாற்றிக்கொள்கிற ஆட்களைப் பெருமை பேசும் குழு, பயிற்சி முடித்தவனின் காலைக் கட்டிப் போட்டது என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்த விதிகள் ஊழியர் பிரிவில் வருவதால் அந்தேவாசியும் பாதி அடிமை என்பது இன்னும் பலவீனமான வாதம். நாரதர் அதே பிரிவிலேயே அடிமையையும் மற்ற நால்வரையும் வேலையின் தன்மையை வைத்துப் பிரிக்கிறார்; அந்தேவாசி நால்வரில் ஒருவன்.

போட்டி என்பதையே இந்த நூல்கள் எப்படி எண்ணின என்பதற்குப் பிருகஸ்பதி ஒரு குறிப்புத் தருகிறார். பலர் கூடிச் செய்யும் தொழிலில் பழகுகிறவன், தெரிந்தவன், திறமையுள்ளவன், ஆசாரியன் என்று நால்வகைக் கைவினைஞர் முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பங்கு பெறுகிறார்கள். வீடு, கோயில், குளம் போன்ற பெரிய வேலைகளில் தலைமை ஏற்பவனுக்கு இரண்டு பங்கு. பழகுகிறவனுக்கு இங்கே பங்கு உண்டு. நாரதரில் அவன் உழைப்பின் பலன் முழுதும் ஆசாரியனுக்கு. இரண்டும் முரண்படுவது போலத் தோன்றும். ஒரு பங்கு பையன் பெயரில் கணக்காகி, காலம் முடியும்வரை ஆசாரியன் கைக்குப் போயிருக்கலாம், இது ஊகம். ஊகமே தேவைப்படாத செய்தி வேறு. நேற்றைய மாணாக்கன் இன்றைக்குத் தனியாகத் தொழில் செய்கிறவன். நாளைக்கு ஒரு கோபுர வேலை வந்தால் மூன்று பங்குக்காரனாகப் பக்கத்தில் நிற்கக்கூடியவன். ஆசாரியன் ஒரு சொல் சொன்னால் புரிந்துகொள்ளும் கை, அவன் பழக்கிய கைதான். பழக்காதவனுக்குச் சிறிய வேலைகளில் போட்டி குறையும். பெரிய வேலையை எடுக்க ஆள் இராது.

இன்றைய இந்தியச் சட்டம் இதே இடத்துக்கு வேறொரு பாதையில் வந்திருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. வணிகத்தின் நற்பெயரை விற்பது மட்டும் விலக்கு. அது நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்டு வரைந்த சட்டத்தொகுப்பிலிருந்து எடுத்தது. ஸ்மிருதிக்கும் அதற்கும் உறவு கற்பிப்பது அபத்தம். 1874இல் கல்கத்தாவில் பித்தளைக் கடைக்காரர் இருவர் வழக்கில், ஒருவர் கடையை மூடிக்கொள்ள மற்றவர் பணம் தர ஒப்புக்கொண்டதை நீதிமன்றம் இந்தப் பிரிவின் கீழ் தள்ளியது. 1967இல் உச்ச நீதிமன்றம், டயர் நூல் ஆலையில் பயிற்சி பெற்றுப் போட்டி ஆலைக்குப் போன ஒருவரின் வழக்கில், பேசிய ஐந்து ஆண்டு முடியும்வரை அவரைத் தடுக்கலாம் என்றது. காலத்துக்குள் கட்டு, காலம் முடிந்தால் விடுதலை. தொடர்பே இல்லாத இரண்டு மரபுகள் ஒரே கோட்டில் வந்து நிற்பதற்குக் காரணம், சிக்கலின் அமைப்பு ஒன்றாக இருப்பதுதான் என்று நினைக்கிறேன். தொழில் கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போட்டுவிட்டான் என்று நம் ஊர் மெக்கானிக் கடைகளிலும் நகைப் பட்டறைகளிலும் தையல் கடைகளிலும் எழும் புலம்பலை இந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே காலம் பேசப்படுவதில்லை. சம்பளம் என்ற பெயரில் வாரக் காசு, கற்பித்தல் என்ற பெயரில் பக்கத்தில் நிற்க அனுமதி. எவ்வளவு நாளில் எதைக் கற்றுத்தருவார் என்று முதலாளி சொல்வதில்லை. எவ்வளவு நாள் இருப்பான் என்று பையனும் சொல்வதில்லை. அதனால் பையன் பாதியில் போகிறான், முதலாளி பாதியை ஒளிக்கிறார். எதிர்க்கடையில் விழும் பழி உண்மையில் விழ வேண்டியது, முதல் நாளில் பேசாமல் விட்ட அந்த ஆண்டுக் கணக்கின் மேல்.