நிரம்பிய அஞ்சற்பெட்டியும் தொலைந்த கடிதங்களும்

அரசாங்கங்களின் வரலாறு பெரும்பாலும் கடிதங்களிலிருந்தே எழுதப்பட்டு வந்துள்ளது. கோப்பறை நிறைந்தால் இன்னோர் அலுமாரி வாங்கினார்கள். எதை அழிப்பது, எதைச் சுவடிக்கூடத்துக்கு அனுப்புவது என்பதை அதற்கென நியமிக்கப்பட்டோர் தீர்மானித்தனர். கடிதம் கணினிக்குள் புகுந்த பின்னர் இவ்வொழுங்கு குலைந்தது. இதனை அமெரிக்காவின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

மின்னஞ்சலும் அரச ஆவணமே என்பது அங்கு போராடிப் பெறப்பட்ட உண்மை. 1986 இல் ஈரான் - கொன்ட்ரா விவகாரம் வெளிப்பட்டபோது, வெள்ளை மாளிகையின் பாதுகாப்புச் சபையில் இருந்த ஒலிவர் நோர்த் முதலியோர் தமது மின்மடல்களை அழித்தனர். ஆனால், காப்பு நாடாக்களில் பிரதிகள் இருந்தன. விசாரணையாளர் அவற்றை எடுத்துப் படித்தனர். 1989 சனவரியில் ரீகனின் பதவிக்காலம் முடியும் தறுவாயில், அந்நாடாக்கள் அழிக்கப்படுவதைத் தடுக்க வழக்குத் தொடரப்பட்டது. தாளில் அச்சிட்டு வைத்தால் போதாது, மின்வடிவமும் பேணப்பட வேண்டும் என 1993 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் ஒரு திசையில் செல்ல, அலுவலகக் கணினி வேறு திசையில் சென்றது. 1997 இல் மைக்ரோசொப்டின் அவுட்லுக் வெளிவந்தது. பயனரின் கணினியில் அது சேமிக்கும் கடிதங்கள், முகவரிகள், நாட்குறிப்பு எல்லாம் 'பிஎஸ்டி' என்னும் ஒரே கோப்பில் அடங்கின. அக்கோப்பின் உச்ச அளவு 2 கிகாபைட், அதாவது 2,147,483,648 பைட். எல்லையைத் தாண்டினால் முழுக்கோப்புமே திறக்க மறுப்பதுண்டு. இதற்கென மைக்ரோசொப்ட் வழங்கிய கருவி கோப்பின் ஒரு பகுதியை வெட்டி எறிந்தது. எஞ்சியதைப் பின்னர் பழுதுபார்க்க வேண்டும். வெட்டுண்ட பகுதியில் என்ன இருந்தது என்பதை அறிய வழியில்லை. அவுட்லுக் 2003 இல் எல்லை 20 கிகாபைட்டாகவும், 2010 பதிப்பில் 50 ஆகவும் உயர்ந்தது. ஆயினும் பழைய கோப்பு தானாக மாறாது. புதிய கோப்பு உருவாக்கிக் கடிதங்களை அதற்கு மாற்ற வேண்டும். இதை அறியாதோர் பலர் பழைய எல்லைக்குள்ளேயே இருந்தனர்.

கோப்பின் எல்லையிலும் கொடிது சேவையகத்தின் எல்லை. அமெரிக்க உள்நாட்டு இறைவரிச் சேவையில் 2011 யூலை வரை ஓர் உத்தியோகத்தருக்குச் சேவையகத்தில் கிடைத்த இடம் 150 மெகாபைட் மட்டுமே. ஏறத்தாழ 1,800 கடிதங்களுக்கே அது போதும். பின்னர் அது 500 மெகாபைட்டாயிற்று. இடம் நிரம்பியதும் உத்தியோகத்தர் செய்யக்கூடியவை இரண்டு: அழிப்பது, அல்லது தமது கணினியின் வன்தட்டுக்கு மாற்றுவது. வன்தட்டுக்கு மாற்றியவற்றின் பிரதி சேவையகத்தில் இல்லை. சேவையகத்தின் காப்பு நாடாக்களோ ஆறு மாதங்களில் மீண்டும் பயன்படுத்தப்பட்டன.

2011 நடுப்பகுதியில் அங்கு உயரதிகாரியாக இருந்த லோயிஸ் லேர்னரின் வன்தட்டு பழுதடைந்தது. அவரது பிரிவு சில அரசியற் குழுக்களின் வரிவிலக்கு விண்ணப்பங்களைப் பாரபட்சத்துடன் கையாண்டதாக 2013 இல் சர்ச்சை எழுந்தது. காங்கிரஸ் கடிதங்களைக் கேட்டபோது, அவற்றில் பல தொலைந்துவிட்டன என்ற பதில் 2014 யூனில் கிடைத்தது. 2014 மார்ச்சில் 422 காப்பு நாடாக்கள் அழிக்கப்பட்டதாகவும், அவற்றில் 24,000 கடிதங்கள் வரை இருந்திருக்கலாம் எனவும், ஆயினும் வேண்டுமென்றே மறைத்ததற்குச் சான்றில்லை எனவும் கண்காணிப்பாளர் அலுவலகம் 2015 இல் அறிவித்தது. ஒரு தரப்பு சதி என்றது, மறுதரப்பு விபத்து என்றது. கடிதங்கள் இல்லாதபோது இரண்டையும் முற்றாக நிரூபிக்க இயலாது. குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதியாயின், அவருக்கும் இது இழப்பே.

வெள்ளை மாளிகையின் கதையும் இதற்கு அண்மித்ததே. ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில் அஞ்சல் மென்பொருளை மாற்றியபோது, தானியங்கு ஆவண முறை கைவிடப்பட்டது. கடிதங்கள் பிஎஸ்டி கோப்புகளாகச் சேர்த்து வைக்கப்பட்டன. மில்லியன்கணக்கானவை காணாமற்போனதாக 2007 இல் செய்தி வெளியாயிற்று. வழக்குத் தொடரப்பட்டு, 2009 டிசெம்பரில் இணக்கம் காணப்பட்டபோது 2 கோடியே 20 இலட்சம் மின்னஞ்சல்கள் மீட்கப்பட்டமை தெரியவந்தது. அவை அழிந்திருக்கவில்லை, தவறாகப் பெயரிடப்பட்டுக் கிடந்தன.

இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. 2004 ஏப்ரலில் ஜிமெயில் ஒரு கிகாபைட் தருவதாக அறிவித்தபோது வியந்தவர்கள், இப்போது அதனைச் சிறிதென்பர். ஆனால் பழைய கோப்புகள் பழைய கணினிகளிலேயே துருப்பிடிக்கின்றன. ஓய்வுபெறும் ஒவ்வோர் உத்தியோகத்தரின் வன்தட்டிலும் ஒரு நிறுவனத்தின் ஞாபகத்தில் ஒரு பகுதி இருக்கக்கூடும். கணினியைக் கழிவுக்கு அனுப்புமுன் அந்தக் கோப்பைத் தேடி எடுத்துப் பிரதி செய்து, திறந்து பார்த்து உறுதிசெய்வது ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்காதவர்கள், எதை நினைவில் வைப்பது என்ற முடிவை அஞ்சற்பெட்டியின் அளவிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்.